ஒலிநாடா என்னும் அமானிதம்

(பொன்விழாக் கருத்தரங்கில் சங்கத்தின் ஆவணக் குழு சார்பில் ஆற்றிய உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு சற்று நீளமானது: மின்னிலக்க ஒலி, ஒளிக் காப்பகங்களை வாழ்நாள் கல்விக்கும் பண்பாட்டு மரபுக்கும் ஏற்றபடி பயன்படுத்துவது எப்படி? கேட்டவுடன், இது பல்கலைக்கழகத்தார் பேச வேண்டிய பொருளாயிற்றே என்று எங்களுக்கும் தோன்றியது. சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்த பிறகுதான் இது நம் வீட்டுச் சங்கதி என்று புரிந்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. உள்ளே கேசட்டுகள், சில வீடியோ நாடாக்கள், ஒரு பழைய டேப் ரெக்கார்டர். சில கேசட்டுகளின் மேல் ‘ஆண்டு விழா’ என்று எழுதியிருந்தது. எந்த ஆண்டு என்று எழுதவில்லை. ஒன்றில் ‘மீலாது – 2’ என்று மட்டும் இருந்தது. மீலாது – 1 எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பல நாடாக்களின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஐம்பது ஆண்டுகளாக நாம் பேசியதும், ஓதியதும், பாடியதும், சண்டையிட்டுச் சமாதானமானதும் அந்த இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கிக் கிடந்தன. அவற்றை என்ன செய்யப்போகிறோம் என்பதே இன்று உங்கள் முன் நாங்கள் வைக்கும் கேள்வி.

எழுத்தில் தங்கியதும் குரலில் போனதும்

பினாங்கில் நம்மவர்களின் வரலாறு பழையது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. 1880-களில் நாகூர்க் குலாம் காதிறு நாவலர் இந்த ஊரில் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார். ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, அந்தப் பெருமையில் நம் முன்னோர் கட்டிய சுவர்களுக்கும் பங்கு இருந்தது.

சுவர் நிற்கிறது; எழுத்தும் அங்கங்கே நூலகங்களில் கிடைக்கிறது. ஆனால் நாவலர் எப்படிப் பேசினார்? நாகூர்த் தமிழில் பேசினாரா, மேடைத் தமிழிலா? தெரியாது. அவர் காலத்தில் பதிவு செய்யும் வழி நம் கைக்கு வரவில்லை. நம் காலத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. 1934-இலேயே பினாங்கு வானொலிச் சங்கம் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. 1963-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் சிறிய கேசட்டை அறிமுகப்படுத்தியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது வீடு தோறும் வந்து சேர்ந்தது. அதற்கு முன் ஒலிப்பதிவு என்பது நிலையத்தாரின் வேலை. கேசட் வந்த பிறகு, பொத்தானை அமுக்கத் தெரிந்த எவரும் பதிவாளர்தான்.

நம்மவர்களும் பதிவு செய்தார்கள். மீலாது மேடையில் ஒலிவாங்கிக்கு அருகே டேப் ரெக்கார்டரை வைத்தார்கள். மௌலிது மஜ்லிஸ், கல்யாணம், ஊரிலிருந்து வந்த ஆலிம்களின் பயான் எல்லாம் நாடாவில் ஏறின. கடிதம் எழுத நேரமோ எழுத்தோ இல்லாதவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். கடையநல்லூரில், பனைக்குளத்தில், நாகூரில் இருந்த உம்மாவும் பிள்ளைகளும் அதைச் சுற்றி உட்கார்ந்து கேட்டு, மறுபக்கத்தில் தங்கள் பதிலைப் பேசி அனுப்பினார்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட் இருக்கிறது என்று இன்று இரவு தேடிப் பாருங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நாகூர் இ. எம். ஹனிபா அவர்களின் பாடல் கேசட் பலரிடம் இருக்கிறது. அது அச்சாகி விற்ற பொருள். ஓரிடத்தில் அழிந்தாலும் நூறு இடத்தில் கிடைக்கும். ஆனால் உங்கள் வாப்பா பேசி அனுப்பிய கேசட் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். நம் சங்கத்தின் ‘மீலாது – 2’ம் ஒன்றே ஒன்றுதான். நமக்குக் காசும் நேரமும் குறைவு. அவற்றை முதலில் ஒற்றைப் பிரதிகளுக்கே செலவிட வேண்டும்.

ஏன் அவசரம்?

நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக்கின் மேல் பூசிய காந்தத் தூள். பிணைக்கும் பசை காலப்போக்கில் தளரும். பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். நாடா பிழைத்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் வேண்டும். இயந்திரம் கிடைத்தாலும் பழுது பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். இதைக் குறித்து 2019-இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து ‘காந்த நாடா எச்சரிக்கை’ என்ற பெயரில் உலகுக்கே அறிவிப்பு விடுத்தன. உலகின் பல பகுதிகளில் 2025-ஆம் ஆண்டளவில் காந்த நாடாக்களை ஓட்ட முடியாமல் போகலாம் என்பது வல்லுநர்கள் கருத்து. அவர்கள் குறித்த கெடுவும் வந்துவிட்டது.

நமக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாகி, 2000 ஜனவரி முதல் ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளின் வாடகை சந்தை விலைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகச் சூலியா தெருவிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் குடியிருந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் தீவுக்கு அப்பால் பெருநிலத்துக்கும் இடம் மாறின. வீடு மாற்றும்போது எதை முதலில் எறிவோம்? ஓடாத டேப் ரெக்கார்டரையும், பெயர் எழுதாத கேசட்டையும்தான். ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் பல ஊர்களில் சிதறியதோடு, அவர்களுடைய குரல்களும் சிதறின.

ஆகவே மின்னிலக்கமாக்கல் அவசரம். ஆனால் அது மட்டும் போதுமா என்றால், போதாது. அங்கேதான் எங்கள் குழு ஒரு பாடம் கற்றுக்கொண்டது.

அறிவிப்பாளர் வரிசை

முதல் கேசட்டுகளை மின்னிலக்கத்துக்கு மாற்றியதும் எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. கணினியில் வரிசையாகக் கோப்புகள் நின்றன. திறந்து கேட்டோம். யாரோ ஒருவர் அழகாகப் பேசுகிறார். யார்? எங்கே? எப்போது? தெரியவில்லை. இரும்பு அலமாரியில் அநாதையாகக் கிடந்தது இப்போது கணினியில் அநாதையாகக் கிடக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

நம் மார்க்க அறிஞர்கள் ஒரு செய்தியை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதை நாம் எல்லோரும் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, இவருடைய நினைவாற்றல் எப்படிப்பட்டது என்று ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்தார்கள். அறிவிப்பாளர் வரிசை இல்லாத செய்தியை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஹதீஸ் கலையின் உயர்வோடு நம் கேசட்டை ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த முறையின் ஒழுங்கைத்தான் கற்றுக்கொள்கிறோம். காப்பகத் துறையினர் இன்று ‘மேல்விவரம்’ என்று சொல்லும் பேசியவர், இடம், நாள், பதிவு செய்தவர், கொடுத்தவர் என்ற பட்டியல், நம் சமுதாயத்துக்குப் புதிய செய்தி அல்ல.

எனவே சனிக்கிழமை மாலைகளில் மூத்தவர்களை அழைத்துக் கேட்கும் அமர்வு ஒன்றைத் தொடங்கினோம். தேநீர் போட்டு, கேசட்டின் பதிவை ஒலிக்கவிட்டு, தெரிந்ததைச் சொல்லச் சொன்னோம். இளையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள்.

‘மீலாது – 2’ ஒலித்தது. பேசியவர் தாம் முதன்முதலாகப் பினாங்கு வந்து இறங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர், “இது துணிக்கடைக்காரர் குரல்” என்றார். மற்றொருவர், “இல்லை, இவர் வாத்தியார்” என்றார். மூன்றாமவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சபுராளி என்ற சொல்லை எப்படி இழுக்கிறார் பாருங்கள். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். எனக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். பெயர் நெஞ்சுக்குள்ளேயே நிற்கிறது, வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் சொல்கிறேன்.”

அப்போது எழுதிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, “பாட்டையா, கிட்டங்கி என்றால் என்ன?” என்று கேட்டாள். பேச்சாளர் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லியிருந்தார். அதன்பின் அரைமணி நேரம் அந்த மூவரும் பாடம் நடத்தினார்கள். கீழே சரக்கு, மேலே பாய் விரித்துப் படுக்கும் ஆட்கள். இன்ன ஊர்க்காரருக்கு இன்ன இடம் என்று இருந்தது. ஊரிலிருந்து வந்தவர் முதல் வேலை கிடைக்கும்வரை அங்கே தங்கியது. ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் எல்லோரும் சேர்ந்து காசு போட்டது. ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தது, 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்த செய்தி கேட்டு ஊரே பதறியது என்று பேச்சு வளர்ந்தது. நாடாவில் இருந்தது ஒரு சொல். அதைச் சுற்றி அன்று கிடைத்தது ஒரு வரலாறு. அதையும் பதிவு செய்துகொண்டோம்.

அடுத்த சனிக்கிழமைக்குள் அந்த மூன்றாமவர் வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் சொல்வதாக இருந்த பெயர் அவரோடு போய்விட்டது. எங்கள் பதிவேட்டில் அந்தக் கேசட்டுக்கு நேராக இன்றும் இப்படித்தான் எழுதியிருக்கிறோம்: பேசியவர் பெயர் தெரியவில்லை, ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவராக இருக்கலாம், துணிக்கடைக்காரர் என்றும் ஆசிரியர் என்றும் இரு கருத்துகள் உண்டு.

நாடா அழிவதைப் பற்றித்தான் உலகம் எச்சரிக்கிறது. நாடாவுக்கு இன்னும் சில ஆண்டு தவணை கிடைக்கலாம். பழுதான இயந்திரத்தைக் காசு கொடுத்துச் சரிசெய்யலாம். குரலை அடையாளம் சொல்லக்கூடிய மனிதரை எந்தக் காசு கொடுத்தும் திரும்பப் பெற முடியாது. ஆகவே வேலையின் வரிசையையே நாங்கள் மாற்றிக்கொண்டோம். எந்தக் கேசட் பழையது என்று பார்த்து முதலில் எடுப்பதில்லை. எந்தக் கேசட்டைப் பற்றிச் சொல்லக்கூடியவர் மிகவும் மூத்தவரோ, அதை முதலில் எடுக்கிறோம்.

யாருக்குக் கல்வி?

வாழ்நாள் கல்வி என்றால் முதியவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் இந்த எண்ணம் இன்னும் விரிவாகவே இருந்திருக்கிறது. 1969-இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-லேயே வேலை பார்க்கும் பெரியவர்களுக்காகத் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியது. கற்றுக்கொள்ள வயது தடையில்லை என்பது பினாங்குக்குத் தெரியும். நாங்கள் சொல்வது அதற்கும் ஒரு படி மேல். இந்தக் கல்வியில் மூத்தவர் மாணவர் மட்டுமல்லர், ஆசிரியரும் அவரே.

நம் பிள்ளைகளின் நிலையை மனம் திறந்து பேசுவோம். பலர் தேசியப் பள்ளிகளில் மலாயில் படிக்கிறார்கள். வீட்டில் பாட்டி பேசும் தமிழ் காதில் விழும், புரியும்; ஆனால் தமிழ் எழுத்து வாசிக்க வராது. நாம் மலர் மலராக வெளியிடுகிறோம்; இந்தப் பொன்விழா மலரும் அப்படித்தான். அவர்களில் எத்தனை பேர் இதைப் படிப்பார்கள்? ஒலிப்பதிவு அப்படி அல்ல. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் அது திறந்த கதவு. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் என்று வளர்த்தார்கள். அந்த ஏடுகளை இன்று சரளமாக வாசிக்கக்கூடியவர்கள் வயதானவர்களே. அவர்கள் வாய்விட்டு வாசிப்பதை ஒரு முறை பதிவு செய்துவிட்டால், எழுத்தை இழந்த தலைமுறையும் அதன் ஓசையைப் பிடித்துக்கொள்ளும். விரும்பியவர் பிறகு எழுத்துக்கும் வருவார்.

ஆனால் தொண்ணூறு நிமிடக் கேசட்டை அப்படியே பிள்ளையிடம் கொடுத்தால் கேட்க மாட்டான். நாமும் கேட்க மாட்டோம். காப்பகத்தைக் கல்விக்கு ஏற்றபடி ஆக்குவது என்றால் இதுதான்: மூலத்தை முழுமையாக, ஒரு நொடி வெட்டாமல் பாதுகாத்து வைப்பது, அதிலிருந்து ஐந்து நிமிடத் துண்டுகளைத் தனியே எடுப்பது, ஒவ்வொரு துண்டுக்கும் தமிழில் எழுத்துவடிவம், மலாயில் மொழிபெயர்ப்பு, கடினமான சொற்களுக்குப் பொருள், கேட்டபின் பாட்டன் பாட்டியிடம் கேட்க ஒரு கேள்வி ஆகியவற்றைச் சேர்ப்பது. அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அது இல்லாவிட்டால் பிள்ளை திரையோடு நின்றுவிடுவான்.

அண்டை நாடுகளில் இந்த வழியில் முன்னே சென்றவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர் 1979-லேயே வாய்மொழி வரலாற்றுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது. அங்கே தமிழ் நேர்காணல்களும் உண்டு. நீண்ட நேர்காணலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் என்ன பேசுகிறார் என்ற சுருக்கத்தோடு வைத்திருப்பதால், தேடுகிறவருக்கு வேண்டியது கைக்குக் கிடைக்கிறது. இலங்கையில் 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த வடுவைச் சுமந்த சமுதாயத்திலிருந்து தன்னார்வலர்கள் 2005-இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். நூல்களோடு நிற்காமல் ஒலி, ஒளி, நிழற்படங்களுக்கு ‘ஆவணகம்’ என்ற தளத்தையும் வளர்த்தார்கள். அரசாங்கம் செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டில் தேசிய ஒலி, ஒளி நிறுவனம் 2006-இல் தன் வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளை இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதுவரை பொதுமக்கள் எளிதில் கேட்க முடியாதவற்றை வீட்டிலிருந்தே எவரும் கேட்கும் நிலை வந்தது.

அவர்களுடைய வசதி நமக்கு இல்லை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. பதிவில் வரும் தெருவில் நாம் நடக்கிறோம். கிட்டங்கி பற்றிய ஐந்து நிமிடத்தைச் சூலியா தெருவில் நின்று கைத்தொலைபேசியில் கேட்கலாம். தர்காவின் கந்தூரி பற்றிப் பேசுகிறவரின் குரலை அந்த வாசலிலேயே கேட்கலாம். விடுமுறையில் பிள்ளைகளை மூத்தவர்களோடு அழைத்துச் சென்று, நின்று கேட்டு, பேசி, நடந்தால், அன்று அந்தத் தெருவே வகுப்பறை.

அடுப்படியின் குரல்

எங்கள் பட்டியலைப் பார்த்தபோது வெட்கப்பட வேண்டிய ஒன்றும் தெரிந்தது. இரண்டு பெட்டிகளிலும் பெண் குரல் மிகக் குறைவு. பிள்ளைகளின் கிராஅத்துப் போட்டியில் ஓரிரு சிறுமிகள், கல்யாண வீடியோவில் பின்னணியில் சில சிரிப்புகள். அவ்வளவுதான். நாம் மேடையைத்தான் பதிவு செய்தோம். அடுப்படியையும் தொட்டிலையும் பதிவு செய்யவில்லை. தாலாட்டும், மருதாணி இரவின் பாட்டும், ஊரிலிருந்து வந்த மருமகள் மலாய் கற்றுக்கொண்ட கதையும், கணவர் நாசி கண்டார் கடையில் நிற்கும்போது வீட்டில் மசாலா அரைத்துக் கொடுத்த கைகளின் கணக்கும் எந்த நாடாவிலும் இல்லை.

பழைய நாடாவில் இல்லாததை இனிப் பதிவு செய்யலாம். நம் உம்மாக்களும் கண்ணுமாக்களும் இன்னும் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களிடம் ஆண்கள் போய்க் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். நம் மகளிர் பிரிவின் இளம்பெண்கள் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். “உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்” என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். “முதல் நோன்புப் பெருநாளுக்கு இங்கே என்ன சமைத்தீர்கள்?” என்று கேளுங்கள், மீதி தானாக வரும்.

அமானிதமும் அனுமதியும்

ஒருவர் தன் மனைவிக்குப் பேசி அனுப்பிய கேசட் கிடைத்தால் எல்லோருக்கும் போட்டுக் காட்டலாமா? கூடாது. அது அமானிதம். அவரோ அவர் பிள்ளைகளோ சொல்ல வேண்டும். ஆகவே மூன்று கதவுகள் வைத்திருக்கிறோம். முதல் கதவு எல்லோருக்கும் திறந்தது: பொது மேடைப் பேச்சு, கல்வி உரை. இரண்டாவது குடும்பத்தாருக்கும் அவர்கள் அனுமதித்தவர்களுக்கும் மட்டும். மூன்றாவது குறிப்பிட்ட காலம்வரை மூடியது. கொடுத்தவர் குறித்த காலம் வந்த பிறகே திறப்போம். பதிவு கொடுக்கும்போதே எந்தக் கதவு என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறோம். பின்னாளில் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்.

நாட்டின் சட்டத்தையும் மதிக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு ஐம்பது ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. பாடல், கவிதை போன்ற படைப்புகளுக்குப் படைத்தவரின் ஆயுளோடு இன்னும் ஐம்பது ஆண்டுகள். விற்பனைக்கு வந்த பாடல் கேசட்டை நாம் இணையத்தில் ஏற்றினால் மரபைக் காத்ததாக ஆகாது. பிறர் உரிமையை எடுத்ததாகிவிடும்.

உங்களிடம் கேட்பது

வேலை பெரிதுதான், ஆனால் செலவு நீங்கள் அஞ்சும் அளவு அல்ல. ஒற்றைத் தடத்தில், காப்பகத் தரத்துக்குக் குறைந்த அளவான 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் மாற்றினால் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய அரை ஜிகாபைட்தான். நூறு மணி நேரம் ஐம்பது ஜிகாபைட்டுக்குச் சற்றே மேல். விரலளவு பென் டிரைவில் அடங்கும். இடம் பிரச்சினையில்லை, நேரம்தான் பிரச்சினை. ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும். எனவே பணத்தைவிட உங்கள் சனிக்கிழமைகளையே அதிகம் கேட்கிறோம்.

வீட்டில் கேசட் கிடைத்தால் சில கவனங்கள். கிடைத்த மகிழ்ச்சியில் உடனே பழைய இயந்திரத்தில் போடாதீர்கள். நாடா சிக்கினால் அறுந்துவிடும். பூஞ்சை இருந்தால் கட்டாயம் போடாதீர்கள். அது இயந்திரத்தையும் அடுத்த நாடாவையும் கெடுக்கும். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு தடுப்புகளை உடைத்துவிடுங்கள். தவறி யாரும் அதன்மேல் மறுபதிவு செய்ய முடியாது. வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். உறைமேல் இருக்கும் பழைய எழுத்தை அழிக்காதீர்கள். அரைகுறையாக இருந்தாலும் அதுவே முதல் சாட்சி.

மாற்றிய பதிவுகளை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கிறோம். எல்லாவற்றையும் புலனக் குழுவில் போட்டுவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே போடுவது பகிர்வது, பாதுகாப்பது ஆகாது. நாளை தொலைபேசி மாறினால் அதுவும் போகும்.

விவரம் எழுதும்போது மூன்று சொற்களைப் பயன்படுத்துகிறோம்: உறுதி, இருக்கலாம், தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவதில் இழுக்கில்லை. நாளை ஒருவர் கேட்டுவிட்டு, “இது என் பாட்டனார் குரல்” என்று சொல்ல அது இடம் வைக்கிறது. ‘மீலாது – 2’க்கு அப்படி ஒருவர் வருவார் என்று இன்னும் எதிர்பார்க்கிறோம். இந்த மண்டபத்திலேயே அவர் இருக்கக்கூடும்.

சகோதர சகோதரிகளே, ஒருவர் மறைந்த பிறகும் அவருக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருப்பவற்றில் பயன் தரும் கல்வியும் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். நம் மூத்தவர்களின் கல்வி அவர்கள் நினைவிலும் நாவிலும் இருக்கிறது. அதை வாங்கி வைப்பது நம் பொறுப்பு. அடுத்த சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சங்க மண்டபம் திறந்திருக்கும். வரும்போது ஒரு கேசட்டைக் கொண்டு வாருங்கள். கேசட் இல்லையென்றால் உங்கள் வீட்டுப் பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், பெரியவரையே அழைத்து வாருங்கள். கேசட் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும்.

நம் முயற்சிகளை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. மறைந்த நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தை அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.